தேசபந்துவின் வழக்குரை

பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை ஆராயாமல் ஏற்றதால் பாண்டிய மன்னன் செங்கோல் வளைந்தது என்கிறது சிலப்பதிகாரம். கோவலனுக்காக வழக்குரைக்க, அவன் உயிருடன் இருந்தபோது ஒருவரும் இல்லை. கண்ணகி அரசவையில் வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால், போன உயிர் மீளவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தைத் தண்டனைக்கு முன்பே எடுத்துரைக்க ஒருவர் வேண்டும் என்பதை அக்காப்பியம் உணர்த்துகிறது. அத்தகைய பணியைத் தம் வாழ்வின் மிக நெருக்கடியான காலத்தில் ஏற்றுக்கொண்டவர், தேசபந்து என்று மக்களால் போற்றப்பட்ட சித்தரஞ்சன் தாஸ்.

இளமையும் கல்வியும்

சித்தரஞ்சன் தாஸ் 1870ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை புவன்மோகன் தாஸ் சட்டத்துறையைச் சார்ந்தவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சித்தரஞ்சன், இந்தியக் குடிமைப் பணித் தேர்வு எழுத இங்கிலாந்து சென்றார். அத்தேர்வில் வெற்றி கிட்டவில்லை. எனவே, சட்டம் பயின்று பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். வங்கமொழியில் கவிதைகள் இயற்றும் ஆற்றலும் அவருக்கு இருந்தது.

தொழிலின் தொடக்கம் எளிதாக அமையவில்லை. இரக்க குணம் மிக்க தந்தை பெருங்கடனில் சிக்கியிருந்தார். தந்தையின் சுமையில் மகனும் பங்கேற்றார். கடனை அடைக்க இயலாத நிலையில் 1906ஆம் ஆண்டில் இருவரும் நொடித்தவர்களாக அறிவிக்கப்பட்டனர். நேர்மையைப் பெருஞ்செல்வமாகக் கருதிய குடும்பத்திற்கு அது பேரிடியாக அமைந்தது. அத்துயரிலிருந்து மீள்வதற்குள் அவரை ஒரு பெரும் வழக்கு தேடி வந்தது.

கைதும் காவலும்

1908ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் முசாபர்பூரில் குதிராம் போசும் பிரபுல்ல சாகியும் ஆங்கிலேய நீதிபதி ஒருவரைக் குறிவைத்து வெடிகுண்டு வீசினர். அதில், தொடர்பற்ற பெண்கள் இருவர் உயிரிழந்தனர். மே 2ஆம் நாள் விடியற்காலையில் கொல்கத்தாவின் பல இடங்களில் காவல்துறையினர் சோதனை நடத்தினர். மாணிக்தலா தோட்டத்தில் இளைஞர்கள் பலர் பிடிபட்டனர். இதழாசிரியரும் சிந்தனையாளருமான அரவிந்தரும் தம் இல்லத்தில் கைது செய்யப்பட்டார். பேரரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்ததாக அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. தூக்குத் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றம் அது.

கைதானவர் விசாரணைக் காலத்தில் வெளியில் இருப்பதற்குச் சட்டம் காட்டும் வழி பிணை. பிணை என்பது வழக்கிலிருந்து விடுதலை அன்று. அழைக்கும்போதெல்லாம் நீதிமன்றத்திற்குத் தவறாது வருவேன் என்பதற்கு அளிக்கப்படும் உறுதியே அது. குற்றச்சாட்டின் கடுமை, கைதானவர் தலைமறைவாகும் வாய்ப்பு, சான்றுகள் சிதைக்கப்படும் வாய்ப்பு முதலியவற்றை எண்ணிப் பார்த்தே நீதிமன்றம் அதனை வழங்கும் அல்லது மறுக்கும். அலிப்பூர் வழக்கில் அரவிந்தர் பிணையில் விடப்படவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலையிலேயே அவர் ஓராண்டுக் காலத்தைச் சிறையில் கழித்தார்.

வழக்குரைஞரைத் தேடி

சிறைக்குள் இருப்பவர் தமக்குரிய சான்றுகளைத் தாமே திரட்ட இயலாது. அவருக்குக் கண்ணும் காலுமாக இயங்க வேண்டியவர் வழக்குரைஞரே. அரவிந்தரின் தங்கை சரோஜினி, தமையனின் வழக்கை நடத்தப் பொதுமக்களிடம் நிதியுதவி வேண்டினார். எளிய மக்களும் தம்மால் இயன்றதை அளித்தனர். ஆயினும், வழக்கு நீண்டுகொண்டே சென்றது. திரண்ட நிதி விரைவில் கரைந்தது. அரசுத் தரப்பிலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரும்புகழ் ஈட்டிய ஏர்ட்லி நார்ட்டன் வாதாடினார்.

அந்நிலையில்தான் சித்தரஞ்சன் தாஸ் வழக்கை ஏற்றார். அவருக்கும் பொருள் தேவைப்பட்டது. கடன் சுமை குறையவில்லை. வருவாய் தரும் பிற வழக்குகளை ஒதுக்கிவிட்டு மாதக்கணக்கில் இதற்கெனவே உழைப்பது தம் குடும்பத்தை மேலும் வருத்தும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் தயங்கவில்லை. இரவு நெடுநேரம் கண்விழித்து ஆவணங்களைப் படித்தார். அவ்வுழைப்பில் அவர்தம் உடல்நலமும் குன்றியது.

வாதத்தின் வலிமை

அமர்வு நீதிமன்ற விசாரணை 1908 அக்டோபர் 19ஆம் நாள் தொடங்கியது. நீதிபதி பீச்கிராப்ட்டும் அரவிந்தரும் ஒரே காலத்தில் குடிமைப் பணித் தேர்வு எழுதியவர்கள். சாட்சிகள் 206 பேர்; ஆவணங்களோ ஏறத்தாழ 4000. கைதானவர்களுள் ஒருவரான நரேன் கோசாயின், முன்னரே அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி வாக்குமூலம் அளித்திருந்தார். அவர் சிறையிலேயே சக கைதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கு உட்படாத அவ்வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படவில்லை.

அரவிந்தருக்கு அவர்தம் தம்பி பாரீந்திரர் எழுதியதாக அரசுத் தரப்பு ஒரு கடிதத்தைக் காட்டியது. இனிப்புகளைப் பற்றிப் பேசும் அக்கடிதம் வெடிகுண்டுகளையே மறைமுகமாகச் சுட்டுகிறது என்பது அத்தரப்பின் வாதம். கடிதம் எழுதப்பட்டதாகக் கூறிய காலத்தில் இருவரும் சூரத் நகரிலேயே இருந்தனர். ஒரே ஊரில் இருக்கும் தமையனுக்குத் தம்பி கடிதம் எழுத வேண்டிய தேவை என்ன என்று வினவினார் சித்தரஞ்சன். வங்கக் குடும்பங்களில் தம்பி தமையனை முறை சொல்லி அழைப்பதே வழக்கம். தன் முழுப்பெயரையிட்டுக் கையெழுத்திடும் வழக்கமும் இல்லை என்பதை எடுத்துக்காட்டினார். அக்கடிதம் புனையப்பட்டது என்பது அவர்தம் வாதம்.

நிறைவுரையைப் பல நாட்கள் நிகழ்த்தினார். விடுதலை வேட்கையைப் பரப்புவது வேறு, வன்செயலுக்குத் திட்டமிடுவது வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 1909 மே 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரவிந்தர் விடுதலை பெற்றார். தூக்குத் தண்டனை பெற்ற பாரீந்திரர், உல்லாஸ்கர் தத்தர் ஆகியோருக்காகச் சித்தரஞ்சன் உயர் நீதிமன்றத்திலும் வாதாடினார். அங்கு அத்தண்டனை ஆயுள்காலத் தீவாந்தரத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. விடுதலையான அரவிந்தர் 1910இல் புதுச்சேரி வந்து, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

ஈட்டலும் துறத்தலும்

அலிப்பூர் வழக்கு சித்தரஞ்சனின் புகழை நாடெங்கும் பரப்பியது. வருவாய் பெருகியது. சட்டப்படி திருப்பித்தர வேண்டிய கட்டாயம் இல்லாத நிலையிலும், பழைய கடன்களை 1913ஆம் ஆண்டில் அடைத்துத் தந்தையின் பெயரையும் தம் பெயரையும் மீட்டார். காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று, பெருஞ்செல்வம் தந்த வழக்குரைஞர் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் அவரே கைது செய்யப்பட்டார். பிறரைக் காக்க இரவு பகலாக வாதாடிய அவர், ஒத்துழையாமைக் கொள்கையின்படித் தமக்காக வாதாடாமல் ஆறு மாதச் சிறைத்தண்டனையை ஏற்றார். 1924இல் கொல்கத்தா மாநகரின் முதல் மேயரானார். தம் இல்லத்தையும் பொதுநலனுக்கு அளித்தார். அது பெண்களுக்கான மருத்துவமனையாயிற்று. 1925 ஜூன் 16ஆம் நாள் டார்ஜிலிங்கில் மறைந்தார்.

உரிமையாக மலர்ந்த உதவி

அன்று ஒருவரின் ஈகையால் கிடைத்த உதவி, விடுதலை பெற்ற இந்தியாவில் உரிமையாக மலர்ந்தது. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும்; கைதுக்கான காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும்; தாம் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்து பேச விட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு வலியுறுத்துகிறது. கட்டணமில்லாச் சட்ட உதவியை அரசு வழங்க வேண்டும் என்கிறது உறுப்பு 39அ. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவர் வருமான வரம்பின்றி அவ்வுதவிக்கு உரியவர் ஆவார். மாவட்டந்தோறும் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அவர்தம் உறவினரும் நாடலாம். நிதி தீர்ந்ததும் தமையனுக்கு யார் வாதாடுவார் என்று சரோஜினி கலங்கிய நிலை, இனி எந்தக் குடும்பத்திற்கும் வாராமல் காப்பதே இச்சட்டங்களின் நோக்கம்.