வெட்டுக்கிளிக்கு ரெண்டு முகம்: போரிஸ் உவாரோவ்

2020-ல ராஜஸ்தானுக்குள்ள வெட்டுக்கிளிக் கூட்டம் புகுந்தப்போ, நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் சுத்தினது ‘காப்பான்’ படத்து சீன்தான். படத்தில் அதை மனுஷன் ஏவி விடுவான். நிஜத்தில் யாரும் ஏவி விட வேண்டியதில்லை. பாலைவனத்துல நல்ல மழை பெஞ்சாலே போதும். அது எப்படினு உலகத்துக்குச் சொன்னவர் போரிஸ் உவாரோவ். மைனிங் படிக்கச் சேர்ந்து, பாதியிலேயே விட்டுட்டுப் போனவர்!

1886-ல், இன்றைய கஜகஸ்தானில் இருக்கும் உரால்ஸ்க் நகரில் பிறந்தார். சுரங்கப் படிப்பை விட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1910-ல் உயிரியலில் பட்டம் வாங்கினார். அடுத்து ஸ்டாவ்ரோபோலில் பூச்சியியல் வேலை. 1912 வாக்கில் அங்கே வெட்டுக்கிளிகளை ஒழிக்கும் பொறுப்பு அவருடையது.

அப்போ ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கூட்டமாகப் பறக்கும் இனம் ஒன்று, தனியாகத் திரியும் சாதுவான இனம் இன்னொன்று என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பினார்கள். ஆனா ஒன்றின் குஞ்சுகள் வளர்ந்தபோது இன்னொன்றின் சாயலில் வந்தன. அப்போ ரெண்டும் ஒரே பூச்சிதானே? தனியா இருந்தா ஒரு குணம், நெருக்கியடிச்சு வளர்ந்தா நிறம், உடல், நடத்தை எல்லாமே வேற.

நடுவில் புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தன. ஜார்ஜியாவில் வறுமையில் தவித்தவரை, அங்கே வந்திருந்த பிரிட்டிஷ் பூச்சியியலாளர் பேட்ரிக் பக்ஸ்டன் அடையாளம் கண்டார். 1920-ல் லண்டனில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷமே அந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார். எப்படி இந்த மாற்றம் நடக்கிறது என்பதில் செரோடோனினுக்குப் பங்கு உண்டு என்று தெரிய 2009 வரை ஆயிற்று.

இதனால விவசாயிக்கு என்ன லாபம்? இருக்கு. கூட்டம் வந்தபிறகு தகரத்தைத் தட்டி விரட்டுவதைவிட, கூட்டம் சேரும் இடத்தைத் தேடிப் போய், இறக்கை முளைக்கும் முன்பே அழிக்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் சுமார் 4 கோடி பூச்சிகள் இருக்கும். ஒரே நாளில் 35,000 பேர் சாப்பிடும் அளவுக்குத் தின்னும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர்கூடப் பறக்கும். வயலுக்கு வந்தபிறகு விவசாயி தனியாக என்ன செய்ய முடியும்?

ஆனா சிக்கல் இங்கதான். பாலைவன வெட்டுக்கிளி பிறக்கிற நாடு ஒன்று, பயிரை இழக்கிற நாடு இன்னொன்று. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து இந்தியா வரை அதன் எல்லை. அதனால் 1930-களில் உவாரோவ் பல நாடுகளிலிருந்து வந்த தகவல்களை லண்டனில் சேர்த்து வரைபடமாக்கினார். எங்கே, எப்போ, எந்தப் பக்கம் பறந்தது என்ற டேட்டாதான் அவருடைய ஆயுதம். இரண்டாம் உலகப் போரின் நடுவிலும் ஈரானில் சோவியத், இந்தியக் குழுக்கள் வெட்டுக்கிளிக்கு எதிராக வேலை செய்தன. அரேபியாவுக்குள் பிரிட்டிஷ் குழுக்கள் போயின. 1945-ல் வெட்டுக்கிளி எதிர்ப்பு ஆராய்ச்சி மையம் உருவாகி, 1959 வரை அவரே அதன் இயக்குநர். பிறகு உலகளாவிய கண்காணிப்பு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்புக்குப் போனது. 1970-ல் அவர் காலமானார்.

அவர் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020-தான் சாட்சி. 2018-ல் ரெண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழையைக் கொட்டின. ஆள் நடமாட்டமே இல்லாத இடம், யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து ஏமனில் போர், கட்டுப்படுத்த வழியில்லை. அங்கிருந்து பெருகியதுதான் கென்யா வரைக்கும், ராஜஸ்தான் வரைக்கும் வந்தது. கண்காணிப்புச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலே போதும்.

இன்னொரு பக்கம், இந்தியாவும் பாகிஸ்தானும் அவ்வளவு பகைக்கு நடுவிலும் எல்லையில் வெட்டுக்கிளி அதிகாரிகளைச் சந்திக்க வைத்திருக்கின்றன. பூச்சிக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

வெட்டுக்கிளி வராத வருஷங்களில் இந்த வேலைக்குக் காசு ஒதுக்க எந்த அரசுக்கும் மனசு வராது. ஆனா அந்த வருஷங்களில்தான் அதைச் செஞ்சாகணும். உவாரோவ் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த வேலையைத்தான்.