ஆய்வறையின் கதவைத் தட்டிய பிள்ளைகள்

உயிரினங்களின் தோற்றம் பற்றிய உலகின் எண்ணத்தையே மாற்றிய மனிதர் என்றுதான் சார்லஸ் டார்வினை நாம் அறிந்திருக்கிறோம். நீண்ட வெண்தாடி, ஆழ்ந்த கண்கள், தோளில் போர்வை போன்ற மேலங்கி. பாடநூல் படங்களில் அவர் எப்போதும் தனியராகவே இருக்கிறார். ஆனால், அவர் வாழ்ந்த வீடு ஒருநாளும் தனிமையில் இருந்ததில்லை. பத்துக் குழந்தைகளுக்குத் தந்தை அவர். முதுமை வரை வாழ்ந்த ஐந்து மகன்களும் அவருடைய ஆய்வறையைச் சுற்றியே வளர்ந்தனர்.

1839-இல் டார்வின் மணந்துகொண்ட எம்மா, நம் வழக்கில் சொல்வதானால் அவருடைய தாய்மாமன் மகள். 1842-இல் லண்டனின் புகையையும் இரைச்சலையும் விட்டு, கென்ட் மாவட்டத்தின் டவுன் கிராமத்துக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. அடுத்த நாற்பதாண்டுகள், 1882-இல் அவர் மறையும் வரை, அந்த வீடே அவருக்கு ஆய்வகம், நூலகம், மருத்துவமனை எல்லாம். காரணம் துலங்காத நோய் ஒன்று வாழ்நாள் முழுதும் அவரை வாட்டியது. வாந்தியும் தலைசுற்றலும் களைப்பும் வாராத வாரம் அரிது. நாளில் சில மணி நேரமே அவரால் வேலை செய்ய முடிந்தது. எஞ்சிய நேரத்தில் பெரும்பங்கு வீட்டாருக்குக் கிடைத்தது.

மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்த நாள் முதலே தந்தையின் குறிப்பேட்டில் இடம்பிடித்துவிட்டான். குழந்தை எப்போது சினந்தது, எதற்கு அஞ்சியது, கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தை எப்படி நோக்கியது என்றெல்லாம் தேதியிட்டு எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகள் 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 1877-இல், ‘மைண்ட்’ என்ற இதழில் கட்டுரையாக வெளிவந்தன. குழந்தை உளவியலின் தொடக்ககால ஆவணங்களுள் அதுவும் ஒன்று. தொட்டிலருகே மகிழ்ந்து நின்ற தந்தையும், குறிப்பெடுத்த அறிவியலாளரும் ஒருவரே.

பிள்ளைகளுக்கு அந்த ஆய்வறை தடைசெய்யப்பட்ட இடமாக இருக்கவில்லை. கத்தரிக்கோல், நூல், அளவுகோல், பசை என்று ஏதேனும் ஒன்றைக் கேட்டு அடிக்கடி உள்ளே நுழைந்தனர். நுண்ணோக்கியின் முன் அவர் அமர்ந்து சுழலும் சக்கர இருக்கையைக் கூடத்துக்கு இழுத்துச் சென்று, கோலால் தள்ளிப் படகு விட்டனர். மாடிப்படியில் சாய்த்துவைத்துச் சறுக்கி விளையாட மரப்பலகை ஒன்றும் அவர்களுக்கு இருந்தது. உடல்நலம் குன்றிய குழந்தை தந்தையின் அறைச் சாய்விருக்கையில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். சுவரில் தொங்கும் நிலவியல் வரைபடத்தைப் பார்த்தபடியே காய்ச்சல் தணியும். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, வேலை நேரத்தில் விளையாட வந்தால் ஆறு பென்னி தருவதாகத் தந்தையிடம் பேரம் பேசியதும் உண்டு.

கண்டிப்பு என்பது அவருக்கு வராத கலை. சாய்விருக்கையின் மேல் குதிக்கக் கூடாது என்பது வீட்டு விதி. ஒருநாள் சிறுவன் லியோனார்ட் அதன்மேல் துள்ளிக்கொண்டிருந்தான். விதியை மீறுவதைத் தாம் காண விரும்பவில்லை என்றார் தந்தை. அப்படியானால் அறையை விட்டு வெளியே போய்விடலாமே என்று யோசனை சொன்னான் மகன். இந்தக் கதை பின்னாளில் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது.

இந்த மென்மைக்குப் பின்னே ஒரு வடு இருந்தது. டார்வினின் தந்தை ராபர்ட் புகழ்பெற்ற மருத்துவர். ஆகிருதியிலும் அதிகாரத்திலும் பெரியவர். வேட்டையும் நாயும் எலிபிடிப்பும் தவிர வேறெதிலும் நாட்டமில்லாத நீ குடும்பத்துக்கே இழிவு சேர்ப்பாய் என்று அவர் ஒருமுறை மகனைக் கடிந்துகொண்டார். தந்தையை ஆழ்ந்து நேசித்த டார்வின், அந்தச் சொல்லை முதுமையிலும் மறக்கவில்லை. ஆனால், தம் பிள்ளைகளின் நாட்டங்களை அவர் ஒருபோதும் இகழவில்லை. அவற்றில் தாமும் சேர்ந்துகொண்டார்.

1854-இல் பிள்ளைகளுள் ஒருவர், ஆஷ் மரம் ஒன்றின் அடியிலிருந்த துளைக்குள் பம்பிள் தேனீக்கள் நுழைவதைக் கண்டு சொன்னார். கூடு இருக்கும் என்று எண்ணிப் பார்த்தார் டார்வின்; கூடு இல்லை. ஆண் தேனீக்கள் அங்கு வந்து சற்றே ரீங்கரித்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் பறந்தன. அவற்றின் தடத்தை ஒருவர் தனியே பின்தொடர இயலாது. எனவே, ஐந்தாறு பிள்ளைகளைப் புதரோரங்களில் ஆளுக்கோரிடமாக நிறுத்தினார். தேனீ தம்மிடம் வந்ததும் ஒவ்வொருவரும் குரல் கொடுக்க, அந்தக் குரல்களைக் கொண்டே தடத்தை வரைந்தார். அது விளையாட்டா, ஆய்வா என்று பிரித்துச் சொல்ல முடியாது. விதைகள் உப்புநீரில் கிடந்தாலும் முளைக்குமா என்று 1855-இல் அவர் சோதித்தபோது, ஐயம் எழுப்பிய நண்பர் ஹூக்கரைத் தந்தை வென்றுவிடுவாரா என்பதே பிள்ளைகளின் கவலை. கப்பல்களிலும் பாறைகளிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளை அவர் எட்டாண்டுகள் ஆராய்ந்தார். அதைப் பார்த்தே வளர்ந்த ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டார் தம் கொட்டலசு வேலையை எந்த அறையில் செய்கிறார் என்று கேட்டதாம்.

கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது டார்வினுக்கு வண்டு சேகரிப்பில் தீராத வெறி. அந்த வெறி பிள்ளைகளையும் பற்றியது. 1859 ஜூனில் பூச்சியியல் வார இதழ் ஒன்றில், டவுன் கிராமத்தில் கிடைத்த அரிய வண்டுகளைப் பற்றிய சிறு குறிப்பு வெளியானது. அதன் கீழிருந்த பெயர்கள் பிரான்சிஸ், லியோனார்ட், ஹோரஸ். வயது முறையே பத்து, ஒன்பது, எட்டு. எழுதிய கை யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு நவம்பரில் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. அந்நூலின் கையெழுத்துப் படியில் இன்று எஞ்சியிருப்பவை சில பத்துத் தாள்களே. அவற்றுள் சில, பிள்ளைகள் பின்புறத்தில் படம் வரைந்ததாலேயே பிழைத்தவை. காய்கறிகளின் மேலேறிப் போர்வீரர்கள் மோதும் வண்ணப்படம் அவற்றுள் ஒன்று. பிரான்சிஸ் வரைந்ததாகக் கருதப்படுவது.

இந்த மகிழ்ச்சியின் நடுவே மரணமும் வந்தது. 1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆனி மால்வெர்ன் நகரில் இறந்தாள். நிறைமாதக் கர்ப்பிணியான எம்மா வீட்டிலிருக்க, டார்வின் படுக்கையருகே காவலிருந்தார். 1858 ஜூன் 18 அன்று, தம் கொள்கையையே ஒத்த கட்டுரையுடன் வாலஸின் கடிதம் வந்தது. பத்தாம் நாள், கடைக்குட்டி சார்லஸ் வாரிங் செங்காய்ச்சலுக்குப் பலியானான். ஜூலை 1 அன்று லண்டனில் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கில்லை. உறவில் மணந்ததால் தம் பிள்ளைகள் நலிந்துபோனார்களோ என்ற அச்சம் அவரை நெடுங்காலம் வருத்தியது. பின்னாளில் மகன் ஜார்ஜ் அதே கேள்வியைப் புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்து 1875-இல் கட்டுரை வெளியிட்டார்.

இந்தச் சித்திரத்துக்கு மறுபுறமும் உண்டு. பரம்பரைச் செல்வமும் வேலையாட்களும் இல்லாவிடில் இத்தகைய ஓய்வு வாய்த்திராது. மகன்கள் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றனர். மகள்கள் வீட்டிலேயே கற்றனர். தந்தையின் ‘மனிதனின் வழித்தோன்றல்’ நூலைச் செப்பனிட்டுத் தந்த ஹென்றியெட்டாவின் கூர்மைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தம் காலத்தின் எல்லையை அந்தத் தந்தையும் தாண்டவில்லை.

வளர்ந்த மகன்களுள் ஜார்ஜ் கேம்பிரிட்ஜில் வானியல் பேராசிரியரானார். பிரான்சிஸ் தாவரவியலாளராகித் தந்தையுடன் இணைந்து உழைத்தார். ஹோரஸ் அறிவியல் கருவிகள் செய்யும் நிறுவனத்தை உருவாக்கினார். லியோனார்ட் ராணுவப் பொறியாளராகிப் பின்னர் புவியியல் கழகத்துக்குத் தலைமை வகித்தார். வில்லியம் வங்கியாளரானார். மண்புழுக்களுக்குச் செவியுண்டா என்று முதிய டார்வின் சோதித்தபோது, எம்மா பியானோ வாசித்தார். பிரான்சிஸ் பசூன் ஊதினார். புழுக்கள் அசையவில்லை. மண்புழுக்களால் கல் எவ்வளவு புதைகிறது என்று அளக்கும் கருவியை ஹோரஸ் செய்தார்.

நேரமில்லை என்பதே இன்றைய தந்தையர் பலரின் மன்னிப்பு மொழி. டார்வினுக்கும் நேரம் குறைவுதான். நோய் அதிலும் பாதியைப் பறித்துக்கொண்டது. ஆயினும் அவர் பிள்ளைகளுக்கென்று வேலையைத் துறக்கவுமில்லை; வேலைக்கென்று பிள்ளைகளை விலக்கவுமில்லை. வேலைக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு புதரோரத்தைக் காட்டி, அங்கே நின்று தேனீ வருகிறதா பார் என்றார். அவர்களும் நின்று பார்த்தார்கள்.