ஷூ கடை டூ ராக் விமர்சனம்: யார் இந்த லெஸ்டர் பேங்ஸ்?

ஒரு ஆல்பம் ரிலீஸான கொஞ்ச நேரத்திலேயே போனில் ரிவ்யூக்கள் வரிசைகட்டுகின்றன. இதில் எது நிஜ ரிவ்யூ, எது காசு வாங்கிய ரிவ்யூ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. இந்தச் சந்தேகம் புதுசு இல்லை. அமெரிக்காவில் ராக் பத்திரிகைகள் பிறந்த காலத்திலேயே இதோடு மல்லுக்கட்டியவர் லெஸ்டர் பேங்ஸ்.

எப்படி எழுத வந்தார்?

1948 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் பிறந்தார். சின்ன வயதிலேயே தீ விபத்தில் அப்பாவை இழந்தார். அம்மா, யெகோவாவின் சாட்சிகள் பிரிவில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர். மகனுக்கோ ஜாஸ், ராக், புத்தகங்கள் என்று வேறு உலகம்.

1966-ல் பால் வில்லியம்ஸ் என்ற கல்லூரி மாணவர் 'க்ராடேடி' இதழைத் தொடங்கினார். 1967-ல் 'ரோலிங் ஸ்டோன்' வந்தது. ராக் இசையை சீரியஸாக அலசும் எழுத்து அங்கே இப்படித்தான் வேர்பிடித்தது. வாசகர்களும் ரிவ்யூ அனுப்பலாம் என்று 'ரோலிங் ஸ்டோன்' அழைக்க, ஷூ கடையில் வேலை பார்த்த பேங்ஸும் அனுப்பினார். 1969-ல் வெளியான அவரது முதல் ரிவ்யூ, 'எம்சி5' குழுவின் அறிமுக ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. பின்னாளில் அதே ஆல்பம் அவருக்குப் பிடித்துப்போனது தனிக்கதை!

ஏன் வெளியே அனுப்பினார்கள்?

இசைப் பத்திரிகைகளுக்கு ரெக்கார்டு கம்பெனிகளின் விளம்பரம் தேவை. நட்சத்திரங்களின் பேட்டியும் தேவை. பேங்ஸ் இரண்டையும் பற்றிக் கவலைப்படவில்லை. இசைக்கலைஞர்களை மதிக்காமல் எழுதுகிறார் என்று 1973-ல் 'ரோலிங் ஸ்டோன்' கதவை மூடியது. அதற்குள் அவர் டெட்ராய்ட்டில் பிறந்த 'க்ரீம்' இதழின் முக்கியக் குரலாகியிருந்தார். அவர் கொண்டாடிய பாடகர் லூ ரீட். ஆனால் பேட்டி என்று உட்கார்ந்தால் அவரோடும் சண்டைதான்!

தன்னையே விமர்சித்தாரா?

ஆமாம். 1976-ல் நியூயார்க் போனவர், அங்கே பங்க் இசை வட்டத்தில் கலந்தார். 1979-ல் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில், அந்த வட்டத்துக்குள் இருந்த இனவெறியைப் போட்டு உடைத்தார். நண்பர்களை மட்டும் சொல்லவில்லை. தான் முன்பு விளையாட்டாகப் பேசிய, எழுதிய வார்த்தைகளையும் குற்றப் பட்டியலில் சேர்த்தார். கூட இருந்தவர்களில் பலருக்குக் கோபம். ஆனால் அவரது எழுத்தில் இன்றும் அதிகம் பேசப்படுபவற்றில் அந்தக் கட்டுரையும் ஒன்று.

என்ன மிச்சம்?

1982 ஏப்ரல் 30 அன்று, உட்கொண்ட மருந்துகள் தற்செயலாக ஓவர்டோஸ் ஆகி இறந்தார். வயது 33 தான். 1987-ல் கிரெய்ல் மார்கஸ் அவரது கட்டுரைகளைத் தொகுத்தார். 2000-ல் வந்த 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' படத்தில் பிலிப் சீமோர் ஹாஃப்மன் பேங்ஸாகவே நடித்தார். எழுத வரும் சிறுவனிடம் அதில் அவர் சொல்லும் அறிவுரை இதுதான்: ராக் ஸ்டார்களோடு ஃப்ரெண்ட் ஆகிவிடாதே.

படத்தை இயக்கிய கேமரன் க்ரோ, பதின்பருவத்தில் பேங்ஸிடம் நேரில் யோசனை கேட்டு எழுத வந்தவர்.