'கோபால்' மொழிக்கு அடித்தளம் போட்ட கடற்படை அதிகாரி... யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

கோபால்... ஆள் பேர் இல்லைங்க! 1959-ல் உருவாகத் தொடங்கி, இன்னைக்கும் பல வங்கிகளின் மெயின்ஃப்ரேம் கணினிகளில் ஓடிக்கிட்டிருக்கிற கம்ப்யூட்டர் மொழி. அதற்கு அடித்தளம் போட்டவர்தான் கிரேஸ் ஹாப்பர்.

வயசும் எடையும் தடை

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேரப் போனால், வயசு அதிகம், எடை கம்மி என்று தடை. விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி 1943-ல் சேர்ந்துவிட்டார்.

15 மீட்டர் நீள கம்ப்யூட்டர்

1944-ல் ஹார்வர்டில் 'மார்க் 1' கணினியில் வேலை. நீளம் மட்டும் 15 மீட்டருக்கு மேல்! கட்டளைகளைக் காகித நாடாவில் ஓட்டை போட்டுக் கொடுக்கணும். ஒருவர் நோட்டில் இருப்பதை இன்னொருவர் பார்த்து எழுதும்போது ஒரு எண் மாறினாலும் எல்லாம் தப்பாகிடும்.

இந்த வேலையைக் கணினியே செய்தால் என்ன என்று யோசித்தார். 1952-ல் 'ஏ-0' தயாரானது. அடிக்கடி தேவைப்படும் கணக்குத் துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எந்தெந்த எண் வேணும்னு சொன்னால் போதும், டேப்பில் இருந்து எடுத்து கணினியே கோத்துக்கொள்ளும். கணினிக்குக் கணக்குப் போட மட்டும்தான் தெரியும் என்று பலர் நம்பவே இல்லை.

மிரண்டுபோன நிர்வாகம்

அடுத்து, ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை கொடுக்கலாம் என்றார். அதற்கும் மறுப்பு. செய்து காட்டினார். கூடவே பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் இயக்கிக் காட்ட, அமெரிக்க கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சு எப்படிப் புரியும்னு நிர்வாகம் மிரண்டுபோச்சு. எந்த மொழியாக இருந்தாலும் கணினிக்கு அது வெறும் குறியீடுதான் என்பதை அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

ஆனாலும் 'ஃப்ளோமேட்டிக்' மொழி வெளிவந்தது. அதைப் பெரிதும் பின்பற்றித்தான் ஒரு குழு கோபாலை உருவாக்கியது. 'கோபாலின் தாய்' என்று ஹாப்பரைச் சொன்னாலும், அதை அவர் தனியாளாக உருவாக்கவில்லை. குழுவுக்கு ஆலோசகராக இருந்தார்.

ஓய்வு கொடுத்தும் விடலை!

1966-ல் ஓய்வு கொடுத்த கடற்படை, மறு வருஷமே 6 மாத வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டது. அது கிட்டத்தட்ட 19 வருஷம் நீண்டது. 1986-ல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது வயது 79. 1992-ல் காலமானார்.

2020 கொரோனா காலத்தில், அரசின் பழைய கணினிகளைப் பராமரிக்க கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று நியூஜெர்சி ஆளுநர் வெளிப்படையாகவே கேட்டார். எல்லாருக்கும் புரியணும்னு ஹாப்பர் போராடிய மொழி... இன்று அது தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது!