நீர்ப்பறவைகளும் மா. கிருஷ்ணனும்

கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996 வரை, தமிழர் ஒருவர் காட்டையும் வயலையும் குளத்தையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வந்தார். அவரே மா. கிருஷ்ணன். வங்கத்தில் வாழும் நமக்கு அவரைக் கொண்டாட இரட்டை உரிமை உண்டு.

பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளையாக 1912-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். 1925-இல் தந்தையார் காலமானபோது இவருக்கு வயது பதின்மூன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவர நூல் பயின்றார். 1942-இல் சந்தூர் சமஸ்தானத்தில் சேர்ந்து, ஆசிரியர், நீதிபதி, மன்னரின் காரியதரிசி எனப் பல பணிகள் பார்த்தார். 1949-இல் சென்னை திரும்பிய பின் எவரிடமும் மாதச் சம்பளத்திற்கு அமரவில்லை. எழுதியும் படம் பிடித்தும் குடும்பத்தை நடத்தினார். முதல் தேதியை எதிர்நோக்கி வாழும் நம் போன்றோர்க்கு அது எத்தகைய துணிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யானைப் படங்களால் பெரும் புகழ் பெற்றவர் எனினும், காக்கை, மைனா, நாரை போன்ற எளிய பறவைகளை அவர் ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் ஏரியையும் அதன் பறவைகளையும் பற்றி எழுதினார், படமும் பிடித்தார். கார்காலத்து மழையால் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும், வக்காவும், நீர்க்காகமும், வெண்கொக்கும் கூடு கட்டும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து ஊசிவால் வாத்தும் கிளுவையும் வந்து சேரும். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலால், ஊரார் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரரை அங்கே அண்டவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பினிக் கலெக்டரிடம் அதற்கு உத்தரவும் பெற்றிருந்தனர். சர்க்கார் சரணாலயம் எல்லாம் பிற்காலத்தவை.

பல கருவிகளின் உறுப்புக்களைச் சேர்த்துத் தாமே அமைத்த காமிராவுக்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். வண்ணப் படத்தை விரும்பாமல், கறுப்பு வெள்ளையிலேயே எடுத்து, இருட்டறையில் தாமே கழுவி அச்சிட்டார். இது எளிய காரியமன்று. நடுப்பகல் வெயிலில் வெண்கொக்கின் இறகு வெறும் சுண்ணாம்பாகத் தெரியும். அதற்கேற்ப ஒளியைக் குறைத்தால், அருகில் அமர்ந்த நீர்க்காகம் கரித்துண்டாகிவிடும். காலை இளவெயிலுக்காகக் காத்திருப்பவனுக்கே இரண்டும் ஒருங்கே கிட்டும்.

நம் சாந்திராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரிக்கும் மார்கழி தை மாதங்களில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாய் வருகின்றன. நம் பிள்ளைகள் கைப்பேசியுடன் கரைக்கு ஓடுகிறார்கள். ஒரு நிமிஷத்தில் நூறு படம் எடுத்து விடுகிறார்கள். எடுக்கட்டும். ஆயின் அந்தச் சிறகி எதைத் தின்கிறது, எங்கே உறங்குகிறது, ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிவிட்டால் எங்கே இறங்கும் என்பதையும் நின்று பார்க்க வேண்டாமா? கிருஷ்ணன் தம் வாழ்நாள் முழுவதும் பார்த்தது அதைத்தான். அயல்நாட்டு மரமும் பூவும் நம் மண்ணில் புகுத்தப்படுவதை அவர் ஓயாது கண்டித்ததும் அக்கவலையினாலேயே.

பத்மஸ்ரீ விருதும், 1968-இல் நேரு ஆய்வு நிதியும் அவரைத் தேடி வந்தன. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னையில் காலமானார். அன்றைய ஸ்டேட்ஸ்மன் இதழிலும் அவருடைய கட்டுரை வெளியாகியிருந்தது.