தேடி வந்த அன்பு

நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பது பத்திரமாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் காணவில்லை. கணக்குப் பார்க்கிறவன், போனது ஒன்றுதானே என்று இருந்துவிடுவான். ஆனால் நல்ல ஆயனோ அந்த ஒன்றைத் தேடிக் காடும் மேடும் அலைகிறான். கண்டதும் தோள்மேல் சுமந்து வருகிறான். நம் ஆண்டவர் சொன்ன இந்த உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அது வெறும் கதையன்று என்பதற்குச் சான்றாக வாழ்ந்தவர் புனித சார்லஸ் தெ ஃபூக்கோ.

1858-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், செல்வமும் குலப்பெருமையும் மிக்க குடும்பத்தில் சார்லஸ் பிறந்தார். ஆனால் 1864-ஆம் ஆண்டிலேயே தாயும் தந்தையும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். ஆறு வயதும் நிரம்பாத சிறுவனும் அவன் தங்கையும் அநாதைகளாயினர். படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாய்வழித் தாத்தா இருவரையும் கண்ணின் மணிபோல் வளர்த்தார். 1870-இல் ஜெர்மானியருடன் மூண்ட போரினால் பிறந்த ஊரையும் விட்டுக் குடிபெயர நேர்ந்தது. 1872-இல் நான்சி நகரில் சார்லஸ் மிகுந்த பக்தியோடு முதல் நற்கருணை வாங்கினார்.

அந்தப் பக்தி நிலைக்கவில்லை. பதினாறு வயதை எட்டும்போது, கண்டதையெல்லாம் படித்துக் குழம்பிய அவர் உள்ளத்தில் விசுவாச விளக்கு அணைந்துபோயிற்று. கடவுள் இருக்கிறார் என்பதற்கே சான்று இல்லை என்று எண்ணத் தொடங்கினார். படிப்பில் சோம்பல் மிகுந்ததால் பள்ளியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1876-இல் படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1878-இல் அன்புத் தாத்தாவும் கண் மூடினார். கண்டிக்கவும் ஆளில்லை, கைநிறையப் பணம் வேறு! விருந்து, மது, சூதாட்டம் என்று செல்வம் தண்ணீராய் ஓடியது. சோமூர் குதிரைப்படைப் பள்ளியில் 87 பேர் தேர்வெழுதினர். சார்லஸ் 87-ஆவதாக வந்தார். அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டபோது தகாத உறவொன்றை விட மறுத்ததால் 1881-இல் படைப் பணியினின்று விலக்கப்பட்டார். சொத்து முழுவதும் கரைந்துவிடுமோ என்று அஞ்சிய உறவினர், நீதிமன்றத்தின் வழியாக அவர் செலவுக்குக் கடிவாளம் போட வேண்டியதாயிற்று.

தோழியரே! அந்நாளில் அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. விருந்து முடிந்து தனிமையில் இருக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு சோகம் தம்மைக் கவ்விக்கொண்டதென்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். அந்தச் சோகமும் இறைவன் அளித்த கொடையே என்று அவர் கருதினார். ஆட்டுக்கு ஆயன் நினைவில்லை. ஆயனோ ஆட்டை மறக்கவில்லை!

தம் படைப்பிரிவு போர்முனையில் இருப்பதை அறிந்ததும் அவர் சுகபோகத்தை உதறிவிட்டுத் திரும்பி, வீரர்களோடு வெயிலையும் தாகத்தையும் பகிர்ந்துகொண்டார். 1882-இல் படையை விட்டு விலகி, ஐரோப்பியர் அதிகம் அறியாத மொரோக்கோ நாட்டை ஆராயத் துணிந்தார். அந்நியர் என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே யூத குருவைப்போல் வேடம் பூண்டு, 1883-84-இல் பதினொரு மாதங்கள் சுற்றினார். இந்த அரிய ஆய்வுக்காகப் பாரிஸ் புவியியல் கழகம் 1885-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

ஆனால் பதக்கத்தைவிடப் பெரியதொரு பேறு அங்கே அவருக்குக் கிடைத்திருந்தது. நாள்தோறும் வேலையை நிறுத்திவிட்டு இறைவன் முன் நெற்றி நிலம்பட வணங்கும் இஸ்லாமியரின் பக்தி அவரை உலுக்கியது. மனிதரைவிடப் பெரியவர் ஒருவர் உண்டோ என்ற வினா உள்ளத்தில் முளைத்தது.

1886-இல் பாரிஸ் திரும்பிய அவரை உறவினர் அன்போடு வரவேற்றனர். அவர்களுள் முக்கியமானவர் மரி தெ போந்தி என்னும் அம்மையார். சார்லசின் ஒன்றுவிட்ட சகோதரி. எட்டு வயது மூத்தவர். குடும்பத்துக்கே தலைக்குனிவு தேடித்தந்த தம்பியை அந்த அக்காள் எப்படி நடத்தினார்? பழைய குற்றங்களைக் கிளறவில்லை. அறிவுரை என்ற பெயரில் குத்திக் காட்டவில்லை. வாதாடி வெல்லவும் முயலவில்லை. வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார், தம் விசுவாசத்தை அமைதியாக வாழ்ந்து காட்டினார், வேண்டிக்கொண்டார். இத்தனை அறிவுள்ள பெண்மணி நம்பும் சமயம் மூடத்தனமாக இருக்க முடியாதே என்று சார்லஸ் சிந்திக்கலானார். ஆலயங்களுக்குப் போய், கடவுளே நீர் இருந்தால் உம்மை எனக்கு அறியத்தாரும் என்ற பொருளில் மீண்டும் மீண்டும் மன்றாடினார்.

அக்டோபர் மாத இறுதியில் ஒரு காலை, பாரிசில் உள்ள புனித அகுஸ்தினார் ஆலயத்தில் உவெலின் அடிகளாரைத் தேடிச் சென்றார். தமக்கு விசுவாசம் இல்லை, சமயத்தைக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டார். அடிகளாரோ விவாதம் எதையும் தொடங்கவில்லை. முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யும்படி சொன்னார். உடனே நற்கருணை வாங்கவும் அனுப்பினார். பல ஆண்டுச் சுமை அந்த ஒரு காலையில் இறங்கியது! தாமும் ஊதாரியாய் அலைந்து திரும்பிய அகுஸ்தினாரின் பெயர் தாங்கிய ஆலயத்திலேயே இது நிகழ்ந்தது எவ்வளவு பொருத்தம்!

கடவுள் இருக்கிறார் என்று அறிந்த கணமே, இனி அவருக்காகவே வாழ வேண்டும் என்று உறுதி பூண்டார் சார்லஸ். 1890-இல் டிராப்பிஸ்ட் துறவியானார். அங்கிருந்த எளிமையும் போதாதென்று, 1897-இல் இயேசு வளர்ந்த நாசரேத்துக்கே சென்று, கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் வேலைக்காரராக அமர்ந்தார். தோட்டத்தில் கருவிகள் வைக்கும் சிறு குடிசையே மாளிகையில் வாழ்ந்தவருக்கு வீடாயிற்று!

1901-இல் குருப்பட்டம் பெற்று, சகாரா பாலைவனத்தில் உள்ள பெனி அப்பேசுக்குச் சென்றார். ஏழையும் படைவீரனும் அடிமையும் வழிப்போக்கனும் எந்நேரமும் அவர் கதவைத் தட்டலாம். அடிமைகள் சிலரைப் பணம் கொடுத்து மீட்டார். அடிமை முறையைக் கண்டும் காணாதிருந்த அதிகாரிகளைக் கண்டித்தார். 1905-இல் இன்னும் தொலைவிலுள்ள தமன்ராசெட்டில் துவாரெக் மக்களிடையே குடியேறினார். அவர்கள் மொழியைக் கற்று, கவிதைகளைத் திரட்டி, பெரும் அகராதியும் இயற்றினார். 1908-இல் பஞ்ச காலத்தில் அவர் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, அந்த ஏழை மக்கள் எங்கெங்கோ தேடிக் கொஞ்சம் ஆட்டுப்பால் கொண்டுவந்து ஊட்டிக் காப்பாற்றினர். கொடுக்க வந்தவர் அன்று பெறக் கற்றுக்கொண்டார்.

முதல் உலகப்போரின் கலவரம் பாலைவனத்தையும் எட்டியது. 1916-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஆயுதம் தாங்கிய கும்பலொன்று அவரைப் பிடித்துக் கட்டியது; காவலுக்கு நின்ற இளைஞன் சுட, அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 58. தாம் விரும்பிய துறவு சபையில் சேர்ந்து நிலைத்த தோழர் ஒருவரும் இல்லை. உலகின் பார்வையில் அது தோல்வியே. ஆனால் மண்ணில் விழுந்த விதை மடிந்தால்தானே பயிராகும்? 1933-இல் இயேசுவின் சிறிய சகோதரர்கள் சபையும், 1939-இல் இயேசுவின் சிறிய சகோதரிகள் சபையும் அவர் காட்டிய வழியில் தோன்றின.

2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அதே நாளில், அதே பீடத்தில் புனிதராக அறிவிக்கப்பட்டவர்களுள் நம் குமரி மண்ணின் மறைசாட்சி தேவசகாயமும் ஒருவர் என்பது நமக்குத் தனிப்பெருமை.

அன்புத் தோழியரே! நம் வீட்டிலும் கோயிலுக்கு வராத அண்ணன் இருக்கலாம். பெயரைச் சொல்லவே பெரியவர்கள் தயங்கும் உறவினர் இருக்கலாம். தவறு செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் வகுப்புத் தோழி இருக்கலாம். ஏன், அந்த ஆடு நாமாகவே இருக்கலாம். நாமானால், திரும்பி வர வெட்கப்பட வேண்டாம். ஆயன் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார். பிறரானால், கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்போம். மரி அம்மையார் செய்தது அவ்வளவுதான். ஆனால் அந்தத் திறந்த கதவின் வழியாகத்தான் ஒரு புனிதர் உள்ளே வந்தார்!