செரோக்கி மக்களின் தலைவர் ஜான் ராஸ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

செவ்விந்தியர் என்றவுடன், தலையில் இறகு சூடிக் குதிரை மீதேறிக் கூச்சலிட்டு வரும் கூட்டந்தான் நம் நினைவுக்கு வரும். திரைப்படங்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம் அது. ஆனால் அம்மக்களுக்குள்ளும் தேர்தல் இருந்தது; அரசியலமைப்புச் சட்டம் இருந்தது; மாறுபட்ட கட்சிகளும் இருந்தன. செரோக்கி மக்களின் முதன்மைத் தலைவராக 38 ஆண்டுகள் விளங்கிய ஜான் ராஸின் வாழ்வே இதற்குச் சான்றாகும்.

1790-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், இன்றைய அலபாமா மாநிலப் பகுதியில் ராஸ் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து வந்த வணிகர். தாய்வழியில் அவருக்கு வந்த செரோக்கி இரத்தம் எட்டில் ஒரு பங்கே. ஆயினும் பழைய வழக்கங்களை விடாத எளிய செரோக்கி உழவர்கள் அவரையே தம் தலைவராகக் கொண்டனர். 1814-இல் ஆண்ட்ரு ஜாக்சன் என்ற தளபதியின் படையில் சேர்ந்து, க்ரீக் பழங்குடியினரில் ஒரு பிரிவினரை எதிர்த்து அவர் போரிட்டார். அந்த ஜாக்சனே பின்னாளில் தம் மக்களின் வாழ்வைப் பறிப்பார் என்று அன்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

1827-இல் செரோக்கியர் தமக்கென அரசியலமைப்புச் சட்டம் வகுத்தனர். மறு ஆண்டில் ராஸ் முதன்மைத் தலைவரானார். அதே காலத்தில் ஜார்ஜியாவில் அவர்கள் மண்ணில் தங்கம் இருப்பது தெரிய வந்தது. 1830-இல், குடியரசுத் தலைவராகிவிட்ட ஜாக்சன், பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையொப்பமிட்டார். ராஸ் துப்பாக்கியைத் தூக்கவில்லை, நீதிமன்றத்தை நாடினார். ஜார்ஜியாவின் சட்டங்கள் செரோக்கி நாட்டில் செல்லா என்று 1832-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. நாட்டில் நடைமுறைக்கு வரவில்லை.

இங்கேதான் பிளவு தோன்றியது. இனிப் போராடிப் பயனில்லை, கிடைக்கும் விலையைப் பெற்றுக்கொண்டு மேற்கே போவதே அறிவுடைமை என்றனர் மேஜர் ரிட்ஜும் அவர் மகன் ஜான் ரிட்ஜும், இதழாசிரியர் எலியாஸ் பூடினோவும். அக்கருத்தைச் செரோக்கி இதழில் வெளியிட ராஸ் இடந்தரவில்லை. பூடினோ ஆசிரியர் பதவியைத் துறந்தார். ராஸ் செய்த தவறு இது என்பதே என் எண்ணம்.

1835-இல், ராஸ் ஊரில் இல்லாதபோது, ஏறத்தாழ இருபது பேர் கூடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஐம்பது இலட்சம் டாலருக்குத் தாயகம் விலைபோயிற்று. அதனை எதிர்த்துப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கொண்ட மனுவை ராஸ் வாஷிங்டனுக்குக் கொண்டு சென்றார். கைநாட்டு வைக்கும் பெற்றோருக்குப் பிறந்தவன் நான். ஒரு கையெழுத்தின் கனம் எனக்குத் தெரியும். ஆனால் கூட்டரசு தனக்கு வேண்டிய இருபதையே எண்ணிக்கொண்டது. பதினைந்தாயிரம் அதன் கண்ணில் படவில்லை.

1838-இல் படை வந்தது. சுமார் பதினாறாயிரம் பேர் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டனர். பசியிலும் குளிரிலும் நோயிலும் நாலாயிரம் பேர் வரை மாண்டனர் என்பர். ராஸின் மனைவி குவாட்டியும் அவர்களுள் ஒருவர். வரலாறு அதனைக் கண்ணீர்ப் பாதை என்கிறது.

பாதை முடிந்தும் பகை முடியவில்லை. மக்கள் ஒப்புதலின்றி மண்ணை விற்பவருக்கு மரணம் என்பது செரோக்கி சட்டம். 1839 ஜூன் 22 அன்று ரிட்ஜ் இருவரும் பூடினோவும் கொல்லப்பட்டனர். ஓர் இனமே இரண்டுபட்டுப் பல்லாண்டுகள் இரத்தம் சிந்தியது.

ராஸ் குறையற்றவர் அல்லர். அவரும் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். உள்நாட்டுப் போரில் நடுநிலை காக்க முயன்று, முடியாமல், 1861-இல் தென் மாநிலங்களோடு உடன்படிக்கை செய்தார். மறு ஆண்டே வடக்கின் பக்கம் சேர்ந்தார். 1866 ஆகஸ்டு 1 அன்று, தம் மக்களுக்காக வாதாடச் சென்ற வாஷிங்டனிலேயே உயிர் நீத்தார்.

இன்றும் செரோக்கியர் ஒரே அமைப்பாக இல்லை. மூன்று தனி அரசுகளாக அமெரிக்க அரசின் ஏற்பைப் பெற்றுள்ளனர். கருத்து வேற்றுமை எந்த மக்களுக்கும் இயல்பு. அது குற்றமன்று. அவ்வேற்றுமையில் தனக்கு வாய்ப்பானதைப் பொறுக்கியெடுத்து, இதுவே உங்கள் அனைவரின் விருப்பம் என்று வலிய அரசு சொல்வதே குற்றம். சிலர் இட்ட கையெழுத்து பலரின் தலையெழுத்தாகிவிடக் கூடாது. ஜான் ராஸின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.